கட்டினதாத்தான் ஞாபகம்

அப்பாவின் விறைத்துப்போன கை சட்டைக்குள் நுழைவேனா என்றது. "அம்மா, ஒரு கை பிடியேன்," என்றாள் மகள்.

"பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடு," என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே. அப்பா விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். அம்மா இன்னும் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

சவ வண்டிக்குப் பின்னாலேயே விமான விபத்து அதிகாரியும் வந்து சேர்ந்தார். மீனவர் வலையில் சிக்கிய பழைய இன்ஜின் எந்த விமானத்துடையது என்று அடையாளம் காட்ட, அப்பாவை இன்று கூட்டிப்போவதாக ஏற்பாடு. விஷயம் தெரிந்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "மன்னிச்சிருங்கம்மா, எனக்குத் தெரியாது."

பல வருஷத்துக்கு முன்னால் கடலில் விழுந்து காணாமல்போன ஒரு சரக்கு விமானத்தை ஓட்டிப்போனவர் அம்மாவின் தம்பி. கடைசியாக அதைப் பழுது பார்த்தவர் அப்பா. எண்ணெய்க் குழாயின் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி முறுக்கிக் கட்டினீர்களா என்று விசாரணையில் கேட்டார்கள். 'கட்டினேன்' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "கட்டினதாத்தான் ஞாபகம்" என்றார். போதாதா? அன்றோடு சரி. அம்மா சோறு போட்டாள், துணி துவைத்தாள், அவர் முகம் பார்க்கவில்லை. மகளுக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வரும்.

அதிகாரி தயங்கித் தயங்கிப் போனில் ஒரு படத்தைக் காட்டினார். "நம்பரெல்லாம் அரிச்சுப்போச்சு. ஒரு போல்ட்டுல மட்டும் கம்பி அப்படியே இருக்கு. ஆனா முறுக்கு தலைகீழாப் போகுது. அதான் சாரைக் கேக்கலாம்னு."

அம்மா ஈரக்கையோடு வந்து போனை வாங்கினாள்.

"இவரு கட்டினதுதான். இடது கைக்காரரு. எங்க துணிக்கொடியை அவுக்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். எல்லாரும் திருகுற பக்கம் திருகினா இன்னும் இறுகித் தொலையும்."

சொல்லிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இறங்கியது. "இது எந்த போல்ட்டு?"

"எண்ணெய்க் குழாயோடதும்மா."

"அவுந்திருக்கா?"

"இல்லம்மா. கெட்டியா இருக்கு."

இந்த ஆள் நேற்றே வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது மகளுக்கு.

வண்டி டிரைவர் எட்டிப் பார்த்தார். "எடுத்துரலாமாம்மா?"

"இருப்பா. என்ன அவசரம்?"

அம்மா நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவின் தலைமாட்டில், முகம் தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். வெளியே டிரைவர் இன்ஜினை அணைத்தார்.