ஒரே ஊசியில் பதினோரு பேர்

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, திட்டுவதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழிலரசன் நினைத்தான். மடுகரையில் அலகு குத்தும் ஆடிச் செடல் திருவிழா முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. திருவிழாவன்று மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சின்னதாகப் பந்தல் போட்டு, ஆன்லைனில் வாங்கிய டாட்டூ மெஷினோடு உட்கார்ந்து, முப்பது பேருக்கு மேல் பச்சை குத்தியிருந்தான். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவனுக்கு வயது இருபத்து நான்கு. டிப்ளமா படித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தான். அது நின்ற பிறகு செல்போனில் வீடியோ பார்த்தே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டான்.

அறிவியல் ஆய்வகத்தில் இரண்டு பேர் அவனுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் உயிரியல் ஆசிரியை மகாலட்சுமி. இன்னொருவர் லில்லி, சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைப் பிரிவின் ஆலோசகர். யாரும் திட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள்.

நடந்ததை மகாலட்சுமி சொன்னார். முந்தைய நாள் பிளஸ் ஒன் வகுப்பில் எச்.ஐ.வி. பற்றிய பாடம். கிருமி உள்ளவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் பரவும் என்று அவர் சொன்னதும், சுவேதா என்ற மாணவி எழுந்து, டாட்டூ ஊசியும் அதில் சேருமா என்று கேட்டிருக்கிறாள். சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வகுப்பு முடிந்ததும் ஆறு பேர் வந்து கையைக் காட்டினார்கள். நான்கு பையன்கள், இரண்டு பெண்கள். சுவேதாவின் மணிக்கட்டில் பட்டாம்பூச்சியைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது.

லில்லி அவனிடம் ஒன்றுதான் கேட்டார். அன்றைக்கு எத்தனை ஊசி வைத்திருந்தாய்?

பொய் சொல்லியிருக்கலாம். ஆளுக்கொரு ஊசி என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்திருக்கும். எழிலரசன் மேஜையைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னான். நான்கு ஊசிதான் இருந்தது. கூட்டம் இவ்வளவு வருமென்று எதிர்பார்க்கவில்லை. கடைசி ஊசியைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாட்டியவன், பந்தலைப் பிரிக்கும்வரை அதிலேயே குத்தினான். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தான். அது போதும் என்று நினைத்தான்.

"தொடச்சா மேல இருக்குறதுதான்பா போவும்" என்றார் லில்லி. "ஊசி மாட்டுற குழாய்க்குள்ள ரத்தம் நிக்கும். மை ஊத்துன கிண்ணத்துலயும் நிக்கும்."

பயப்படும்படி பேச அவர் விரும்பவில்லை. இந்த வழியில் எச்.ஐ.வி. வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு, மஞ்சள் காமாலைக் கிருமிக்கு அதைவிட அதிகம், இரண்டுக்குமே பரிசோதனை உண்டு என்று விளக்கினார். மூன்று நாளுக்குள் வந்திருந்தால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டிருக்கலாம். இப்போது அந்தக் காலம் தாண்டிவிட்டது. இன்றைக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம்.

"கடைசி ஊசியில யார் யாருக்குக் குத்துன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பெயர் மறந்தாலும் படம் அவனுக்கு மறக்காது. ஒரு தாளில் வரிசையாக எழுதினான். முதலில் புதுசாய்க் கல்யாணமான ஜோடி, இருவருக்கும் தோளில் ஒரே இதயம். மூன்றாவது, வலது முன்கையில் மகள் பெயர். நான்காவது சிங்கம், ஐந்தாவது வேல். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேர். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தான். ஒரே ஊசியில் பதினோரு பேர்.

மறுநாள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் சுப்புராயனை அழைத்துப் பேசினார்கள். அவர் விவசாயி, கோயில் கமிட்டியிலும் இருந்தார். பந்தல் போட எழிலரசனுக்கு இடம் கொடுத்ததும் அவர்தான். பள்ளிக்கூடத்தின் பெயரும் பெண் பிள்ளைகளின் பெயரும் கெட்டுவிடக் கூடாது என்பதே அவர் கவலை. ரத்த வகை பார்க்கும் முகாம் என்று சொல்லி எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாதே என்று யோசனை சொன்னார்.

மகாலட்சுமி ஒப்புக்கொள்ளவில்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். எதற்கென்று தெரியாமல் வாங்கும் கையெழுத்து கையெழுத்தே இல்லை என்றார்.

"பொய் சொல்லி ரத்தம் எடுத்தோம்னு நாளைக்கு ஒருத்தருக்குத் தெரிஞ்சா, அப்புறம் நாம இன்னா பாடம் எடுத்தாலும் இந்த ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க சார்."

ஆறு வீட்டுக்கும் நானே கூட வருகிறேன் என்று சுப்புராயன் எழுந்தார். அவர் வந்ததால்தான் கதவு திறந்தது. சில வீடுகளில், கூடப் போன எழிலரசன் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒரு தகப்பனார் அடிக்கக் கை ஓங்கினார். ஆனாலும் அந்த வாரக் கடைசிக்குள் ஆறு பேருக்கும் பரிசோதனை முடிந்தது. யாருக்கும் எதுவும் இல்லை. மஞ்சள் காமாலைக்கு முதல் தடுப்பூசியும் போட்டார்கள்.

பெரியவர்கள் ஐந்து பேரையும், முதல் மூன்று ஊசியில் குத்திக்கொண்டவர்களில் அடையாளம் தெரிந்தவர்களையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லும் வேலை எழிலரசனுடையது. லில்லி ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தார். வரச் சொல்லலாம், வந்தார்களா, என்ன வந்தது என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார்.

மகள் பெயரைக் குத்திக்கொண்டவர் கலைச்செல்வன், நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். முப்பத்து மூன்று வயது. சீசனுக்குச் சீசன் ஆந்திரா, கர்நாடகா என்று மெஷினோடு போய்வருவார். எழிலரசன் விஷயத்தைச் சொன்னதும், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்துக் காலையில் அவரே எழிலரசனைத் தேடி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாய்க்கால் வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனார். மதகுக் கட்டையில் உட்கார்ந்ததும் சொன்னார்.

"எனக்கு இருக்குதாம்பா."

எழிலரசன் எழுந்து நின்றுவிட்டான்.

"உன் ஊசியால இல்ல. அதுல வந்திருந்தா இதுக்குள்ள டெஸ்ட்ல தெரியாதாம். ரொம்ப நாளா இருந்திருக்கும்னு சொன்னாங்க. என் பொண்டாட்டிக்கும் பாத்தாச்சு, இல்ல. பாப்பாவுக்கும் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தப் புள்ளைங்க எனக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இதைத்தான் கேட்பார் என்று எழிலரசனுக்குத் தெரிந்திருந்தது.

"பின்னாடிண்ணா. ஆறு பேரும்."

கலைச்செல்வன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எழிலரசன் அவர் தோளில் கை வைத்தான். தப்பு உங்களுடையது இல்லை, ஊசியை மாற்றாதவன் நான்தான் என்று சொன்னான். இரண்டாவது டெஸ்டுக்கு அந்தப் பிள்ளைகளை எப்படியாவது கூட்டிப்போய்விடு என்று மட்டும் கலைச்செல்வன் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது டெஸ்ட் வரைக்கும் எழிலரசன் டாட்டூ மெஷினைத் தொடவே இல்லை. தெருவில் அந்த ஆறு பேரில் யாரையாவது பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்ததை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாது.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது பரிசோதனைக்கு நாள் வந்தபோது எழிலரசன் பெரியவர்களிடமும் திரும்பச் சொல்லிவைத்தான்; பிள்ளைகளில் ஐந்து வீடுகளில் சரி என்றார்கள். சுவேதாவின் அம்மா அம்சவள்ளி மறுத்துவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போய் ஒற்றை ஆளாக மகளை வளர்ப்பவர். முதல் தடவை போனதற்கே, எதற்கு ஆஸ்பத்திரி என்று அக்கம்பக்கத்தில் துருவினார்களாம். ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு திரும்பவும் போனால், ஏதோ இருக்கிறது என்றுதானே பேசுவார்கள். மகாலட்சுமி இரண்டு முறை போய்ப் பார்த்தும் அவர் மனம் மாறவில்லை.

மூன்றாவது முறை எழிலரசன் தனியாகப் போனான். அம்சவள்ளி ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். முதல் டெஸ்டில் ஏன் எல்லாம் தெரியாது, மூன்று மாதக் கணக்கு எதற்கு என்று தனக்கு விளங்கிய மாதிரியே சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று திரும்பி அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உண்மைய சொல்லு. அந்தப் பதினோரு பேர்ல யாருக்காவது இருக்குதா?"

இல்லை என்று சொன்னால் சுவேதா வர மாட்டாள். இருக்கிறது என்றால் சாயங்காலத்துக்குள் ஊரே அது யாரென்று தேடிக் கலைச்செல்வனிடம் போய் நிற்கும்.

"யாருக்கு இன்னான்னு யாரும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுக்கா. சுவேதா விஷயத்தயும் அப்படித்தான் வெளிய சொல்லல. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அது என் தங்கச்சியா இருந்தா, இன்னிக்கே தூக்கினு போயிருப்பேன்."

அம்சவள்ளி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். புகை அடங்கி விறகு பற்றிக்கொள்ளும்வரை ஊதினார்.

"அவள மட்டும் தனியா ஒக்கார வைக்க மாட்டேன்" என்றார் கடைசியில். "எனக்கும் எடுக்கச் சொல்லு. யாராவது கேட்டா, ஆத்தாளும் பொண்ணும் போனோம்னு சொல்லிக்கிறேன்."

சனிக்கிழமை காலையில் குடை பிடித்துக்கொண்டு அம்மாவும் மகளும் சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். அம்சவள்ளி ரத்தம் கொடுத்ததைப் பார்த்து, தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்த இன்னும் மூன்று அம்மாக்கள் தங்களுக்கும் பார்க்கச் சொன்னார்கள். துணைக்கு வந்திருந்த சுப்புராயன் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார். எழிலரசனும் ரத்தம் கொடுத்தான்.

முடிவு எழிலரசனுக்கு லில்லி மூலம் தெரியவில்லை. திங்கட்கிழமை அம்சவள்ளி தெருவில் அவனை நிறுத்தி, எம்பொண்ணுக்கு ஒண்ணும் இல்லடா என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற ஐந்து வீடுகளிலிருந்தும் இருட்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. கை ஓங்கிய தகப்பனார் போன் செய்து, ரெண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டார்.

எழிலரசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கலைச்செல்வனைக் கண்டுபிடித்தான். மழையில் மெஷின் ஓடவில்லை. கொட்டகையில் அதன் செயினுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். ஆறு பேருக்கும் இல்லை என்றான். கலைச்செல்வன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் அழுததை எழிலரசன் அன்றுதான் பார்த்தான்.

டிசம்பர் மாதத்தில் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் வகுப்பு வகுப்பாக எச்.ஐ.வி. பற்றிப் பேச ஏற்பாடு ஆயிற்று. பெற்றோர் கூட்டத்தில் சிலர் முனகினார்கள். பேசாமல் இருந்தால் என்ன ஆகுமென்று ஆறு வீட்டைக் கேளுங்கள் என்று அம்சவள்ளி எழுந்து சொன்ன பிறகு யாரும் தடுக்கவில்லை. மூடின உறையில் இருக்கும் ஊசி எப்படியிருக்கும், அதைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி எப்படிக் கேட்க வேண்டும் என்று எழிலரசன் காட்டினான். பதினெட்டு வயது ஆகாமல் என்னிடம் வராதீர்கள் என்றும் சொன்னான். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் ஊசியைப் பற்றியவை அல்ல. காதல், ஆணுறை, கல்யாணத்துக்கு முன்னால் பரிசோதனை, கிருமி இருந்தாலும் குழந்தை பெற முடியுமா என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். லில்லி ஒன்றைக்கூட ஒதுக்காமல் படித்துப் பதில் சொன்னார். மகாலட்சுமி ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

கலைச்செல்வன் மாதம் ஒரு முறை புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிவருகிறார். தினம் ஒரு மாத்திரை. வேலைக்குப் போகிறார், முன்பைவிட உடம்பு தேறியிருக்கிறது. பஸ்ஸில் தெரிந்த முகம் பார்த்தால் எங்கே என்று கேட்பார்கள் என்று தயங்கியதால், எழிலரசன் நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டிப்போகிறான். வரும் வழியில் வில்லியனூரில் நிறுத்தி இருவரும் டீ குடிப்பார்கள். மகள் மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிப்பதைப் பற்றிக் கலைச்செல்வன் பேசிக்கொண்டே வருவார்.