கொழுந்தனாருக்கு ஒரு நோட்டீஸ்

வெள்ளிக்கிழமை வந்தால் போதும், ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய தொட்டி நுரை தள்ளும். கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் பாதிக்கு மேல் செத்துப்போகும். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சுத்திகரிப்பு நிலைய ஆய்வாளர், நான்காம் வெள்ளியன்று சோதனைத் தாள்களோடு கிளம்பிவிட்டாள்.

குழாய்கள் பிரியும் இடமெல்லாம் மேன்ஹோலைத் திறந்து, தண்ணீர் மொண்டு, தாளை நனைத்தாள். காரம் இருந்தால் தாள் கருநீலமாகும். எந்தப் பக்கம் நீலமோ அந்தப் பக்கம் நடந்தாள். கடைசி மேன்ஹோல் ஓர் ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் பின்வாசலில் இருந்தது. முதலாளி வேறு யாருமில்லை, அவள் கணவனின் தம்பி.

"வாங்க அண்ணி! என்ன சாப்பிடுறீங்க?"

"அண்ணியா வந்தா சாப்பிடுவேன் தம்பி. இப்ப அதிகாரியா வந்திருக்கேன். இயந்திரம் கழுவுன தண்ணிய அப்படியே திறந்து விடுறீங்களா?"

அவன் முகம் சுருங்கியது. வெள்ளிதோறும் காஸ்டிக் சோடா என்னும் காரம் போட்டுக் கழுவி, மொத்தத்தையும் ஒரே மூச்சில் சாக்கடையில் விடுவது உண்மைதான். அவள் அங்கேயே நோட்டீஸை எழுதி நீட்டினாள்.

"சொந்தக் கொழுந்தனுக்கே நோட்டீஸா? அண்ணன்கிட்ட சொல்றேன் பாருங்க!"

"தாராளமா சொல்லுங்க. அவருக்கும் ஒரு நகல் வேணும்னா தர்றேன்."

அண்ணன் நழுவிவிட்டான். "உங்க ரெண்டு பேர் நடுவுல மத்தளமாட்டம் இடி வாங்க நான் தயாரில்ல, ஆள விடுங்க!"

மறுநாள் தம்பி சண்டை போடவே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தான். அவள் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டை நுண்நோக்கியில் வைத்து, அவனை அதன் முன் உட்கார வைத்தாள்.

"அட! குட்டிக் குட்டி மணி மாதிரி ஆடுதே அண்ணி!"

"இவங்கதான் எங்க வேலையாளுங்க. சம்பளம் கேக்க மாட்டாங்க, லீவும் கேக்க மாட்டாங்க. இப்ப உங்க தண்ணியில ஒரு சொட்டு."

ஆட்டம் நின்றது. அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. சண்டையை எங்கே வைத்தான் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"தெரியாமப் போச்சு அண்ணி. என்ன செய்யணும், சொல்லுங்க."

ஒரே மாதத்தில் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு தொட்டி எழும்பியது. கழுவிய தண்ணீரை அதில் தேக்கி, அமிலம் கலந்து காரத்தை முறித்து, இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். வெள்ளிக்கிழமை நுரை அடங்கியது.

அவள் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தபோது தொலைபேசி அடித்தது.

"அண்ணி, உடனே வாங்க! பக்கத்து சாயப்பட்டறைக்காரன் என்னமோ செவப்பா திறந்து விடுறான். நான் வாசல்லயே நின்னு மறிச்சு வச்சிருக்கேன்!"