ஒரு சைஸ் பெரிய இடது கையுறை

எங்கள் அணி ஆடுவதைப் பார்க்க வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்க எனக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேரம் ஆகிறது. இந்தக் கணக்கைப் போட்டுச் சொன்னவள் என் அக்கா. "இவ்வளவு நேரம் படிச்சிருந்தா இந்நேரம் டாக்டராகியிருப்பேடா" என்பாள். நான் என்ன செய்யட்டும்? என் பிழைப்பு அப்படி. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை அரைத்துக் கொடுக்கிறவன் நான். கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு. காதுதான் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். அதில் யாராவது கால்பந்தைப் பற்றி உளறிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த வருஷம் உளறலுக்குக் குறைவே இல்லை. வரிசையாக ஏழு தோல்வி. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். டிரா செய்தால்கூடப் போதும், முதல் பிரிவில் தப்பித் தவறி ஒட்டிக்கொள்ளலாம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டி.வி.யில் ஒரு நிபுணர் வருவார். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் அணிக்கே ஆடியவர். கோட்டு மாட்டிக்கொண்டு, திரையில் விரலால் அம்புக்குறி போட்டு, "கோல் போட்டாத்தான் ஜெயிக்க முடியும்" என்பார். பக்கத்தில் இருக்கிற ஆள் ஆகா ஆகா என்று தலையாட்டுவான். எனக்கு வயிறு எரியும். ஒரு தடவை இவர் பேச்சைக் கேட்ட கடுப்பில், ஒரு டீச்சரம்மாவின் வலது கண் லென்ஸை இடது பக்கத்துக்கு அரைத்துத் தொலைத்தேன். அந்த அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, "தரை மேலே வருதேப்பா" என்றார். முதலாளியம்மா ஒரு வாரம் இயர்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

கேட்டால் மட்டும் போதாது, திருப்பிப் பேசவும் வேண்டும் என்று நானும் என் நண்பனும் சேர்ந்து இணையத்தில் ஒரு சேனல் தொடங்கியிருந்தோம். பெயர் 'கடைசி வரிசை'. நண்பனை எல்லோரும் 'புள்ளி' என்றே கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் புள்ளிவிவரம் சொல்லுவான், அதனால். பஸ் டிப்போவில் வண்டி வந்து போகிற நேரத்தை எழுதுகிற வேலை அவனுக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வீட்டு ஹாலில் லைவ். எங்களுக்குப் பின்னால் கொடியில் காயும் துணி தெரியாமல் இருக்க ஒரு போர்வையைக் கட்டிவைப்போம். முந்நூறு பேர் பார்ப்பார்கள். மழை வந்தால் நானூறு.

அந்த மாதம் நிபுணரின் வாயில் அகப்பட்டவர் எங்கள் கோல்கீப்பர். முப்பத்தாறு வயது, பதினான்கு வருஷமாக எங்கள் கோலைக் காக்கிறவர். கடைசி ஆட்டங்களில் வாங்கிய கோல் எல்லாம் அவருடைய இடது பக்கம். "மனுஷனுக்குப் பயம் வந்துடுச்சு. பந்தைப் பார்த்தா கையை இழுத்துக்கறார். தூக்கி வெளிய உட்காரவைங்க" என்றார் நிபுணர். அவ்வளவுதான், ரசிகர் சேனல்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன. எவனோ ஒருத்தன் கீப்பர் விழுகிற காட்சிக்குக் கோழி கொக்கரிக்கிற சத்தம் சேர்த்து வெளியிட்டான். அதை லட்சம் பேர் பார்த்தார்கள். லட்சம் வெட்டிப்பயல்கள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நாற்பது மணி நேரமும் கேட்டுக் கேட்டு எனக்கே மனசு ஆட்டம் கண்டுவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது வாயைவிட்டேன்.

"கீப்பர் கதை முடிஞ்சுது போல அத்தான். நிபுணர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. பயப்படறார்."

அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் எங்கள் அணியின் உடுப்புப் பொறுப்பாளர். ஜெர்சி துவைப்பது, காயவைப்பது, நம்பர் வரிசையில் மாட்டுவது, ஷூவுக்கு ஆணி முடுக்குவது எல்லாம் அவர்தான். இருபத்திரண்டு வருஷம். மைதானத்துக்கு அடியில் சலவை அறையில் இருக்கிறவர், ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. 'நேத்து எப்படி ஆடினாங்க அத்தான்?' என்று கேட்டால், 'புல் கறை ஜாஸ்தி மச்சான், ரெண்டு தடவை ஊறப்போட்டேன்' என்பார். உலகத்திலேயே எனக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த மனிதர் கறையைப் பார்க்கிறாரே என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அன்றைக்கு அவர் மேஜை விளக்கடியில் ஒரு ஜோடி கையுறையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் ஊசி நின்றது. அத்தானுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"பயமா? யாருக்கு? இங்க வா. இந்த ரெண்டையும் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். இடது கையுறை ஒரு சைஸ் பெரிது. மோதிர விரல் பக்கம் தையலைப் பிரித்து இன்னும் அகலப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அந்த விரல் உடைஞ்சு ஆறு வாரம் ஆகுது. ரெண்டாவது கீப்பருக்கு முழங்கால் ஆபரேஷன், வேற ஆள் கிடையாது. பட்டையச் சுத்தி, வலிக்கு ஊசி போட்டுக்கிட்டு ஆடறார். ஒருநாள் 'உஸ்'னு ஒரு சத்தம் போட்டதில்ல. அவரைப் போய்ப் பயப்படறார்ங்கறியே!" சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தினார். "கோச், டாக்டர், நான். மூணு பேருக்குத்தான் தெரியும். வெளிய கசிஞ்சா எதிராளி பூரா அந்தப் பக்கமே அடிப்பான். என் வேலையும் அன்னைக்கே போயிடும்."

"நான் யாருகிட்ட அத்தான் சொல்லப்போறேன்?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவன் வாயில நாக்குன்னு ஒண்ணு இருக்குங்க. அதுக்குப் பூட்டு கிடையாது."

மூன்று பேரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை லைவ் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, புள்ளி தன் போனைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். நிபுணர் எங்கள் நிகழ்ச்சிக்குப் போனில் பேச வருகிறாராம். நாங்கள் அவரைக் கிண்டல் பண்ணுவது அவர் காதுக்குப் போயிருக்கிறது. பார்வையாளர்கள் முந்நூறிலிருந்து மளமளவென்று நாலாயிரத்துக்கு ஏறினார்கள்.

நிபுணர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் கொடுமை. "தம்பி, உங்க ஆர்வத்தைப் பாராட்டறேன். ஆனா நீங்க ரசிகர். நான் உள்ள இருந்தவன். டிரெஸ்ஸிங் ரூம்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு கீப்பருக்குத் தைரியம் போயிட்டா, கண்ணைப் பார்த்தே சொல்லிடுவேன்."

"அவருக்குத் தைரியம் போகலை சார்."

"பின்ன ஏன் இடது கையை நீட்டமாட்டேங்கறார்? சொல்லுங்க. காரணம் இருந்தா சொல்லுங்க." கொஞ்சம் சிரித்தார். "பாசம் வேற, ஆட்டம் வேற தம்பி. அவர் கோழைன்னு ஒத்துக்கறதுக்கு உங்களுக்குக் கஷ்டமா இருக்கு. புரியுது."

பார்வையாளர்கள் எழுதுகிற பக்கத்துத் திரையில் கோழிப் படமாக வந்து விழுந்தது. நூறு கோழி, இருநூறு கோழி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது என்னைக் கிளப்பிவிட்டது.

"விரல் உடைஞ்சிருக்கு சார்! இடது கை மோதிர விரல். ஆறு வாரமா ஊசி போட்டுக்கிட்டு ஆடறார். இடது கையுறை மட்டும் ஒரு சைஸ் பெருசு, தெரியுமா உங்களுக்கு? பெருசா உள்ள இருந்தவராம்!"

கோழிகள் நின்றன. புள்ளி மேஜைக்கு அடியில் என் தொடையைத் தட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிபுணரின் வாயை நான் அடைத்திருந்தேன். என்ன சுகம் என்கிறீர்கள்! அந்தச் சுகம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அதற்குள் அத்தான் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஏழு மணிக்கு அக்கா போன் பண்ணினாள். கத்தவில்லை. "அவர் இன்னும் வரலைடா. கிளப்புல யாரும் பாக்கறதுக்குள்ள அந்த வீடியோவை எடுத்துடு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"இதோ எடுத்துடறேன்க்கா."

எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று என்னை நானே நூறு தடவை கேட்டுவிட்டேன். அப்போது இருபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கண்ணெதிரே எண் ஏறிக்கொண்டிருந்தது. "கீப்பர் மாதிரி ஆள் உண்டா", "கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது" என்றெல்லாம் எழுதினார்கள். "உண்மையைச் சொன்ன அண்ணனுக்கு நன்றி" என்று ஒருவன். அவனுக்குப் பதில் எழுதினேன். இன்னொருவனுக்கும் எழுதினேன். எட்டு மணிக்குத்தான் எடுத்தேன். அதற்குள் எதிரணியின் ரசிகர் சேனல் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கீப்பரின் இடது கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தது. என் அவசரப் புத்தியைவிட அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு கிளப்புக்கு ஓடினேன். என் திட்டம் ரொம்ப எளிது. நான் கயிறு திரித்தேன், யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை என்று சாதித்துவிடுவது. வேண்டுமானால் லைவில் வந்து மன்னிப்பும் கேட்பது. நிபுணர் சிரித்துவிட்டுப் போகட்டும். வாசலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு மேனேஜர் வெளியே வந்தார். நான் மூச்சுவிடாமல் பொய்யை ஒப்பித்தேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, காலைல மூணு பேரையும் கூப்பிட்டேன். முதல்ல டாக்டரைப் பார்த்துத்தான் கேள்வியே ஆரம்பிச்சேன். நான் முடிக்கறதுக்குள்ள உங்க அத்தான் கையைத் தூக்கிட்டார். 'டாக்டர் இல்ல சார், நான்தான்'னு சொல்லிட்டு, சலவை அறைச் சாவியை எடுத்து மேஜைமேல வெச்சார்." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷம். எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? நீங்க போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம். அக்கா வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு நாலு தடவை தைரியம் தேவைப்பட்டது. அக்கா திறந்தாள். திரும்பி உள்ளே போனாள். அத்தான் டி.வி. முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்து ஆட்டம் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"வா மச்சான். உக்காரு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அத்தான், அவரைக் கோழைன்னு சொன்னான். அதைக் கேட்டுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியலை" என்றேன்.

"அவர் சும்மாதானே இருந்தார்?" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எதிரணி முதல் நிமிஷத்திலிருந்து இடது பக்கமே அடித்தது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஒரு கோல். எழுபதில் எங்களவர்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். நான் எகிறிக் குதித்துவிட்டு, வெட்கப்பட்டு உட்கார்ந்தேன். ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடிந்தால் தப்பித்தோம். எண்பத்தாறாவது நிமிஷம் தாழ்வாக ஒரு அடி, மறுபடியும் இடது மூலைக்கு. கீப்பர் பாய்ந்தார். கையை இழுக்கவில்லை, முழுசாக நீட்டினார். பந்து விரலில் பட்டு, கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனது.

"போச்சு!" என்று நான் கத்தினேன்.

"ஐயோ, வலிக்குமே" என்றார் அத்தான்.

கடைசி விசில் ஒலித்தது. இரண்டாம் பிரிவு. நிபுணர் திரையில் வந்தார். "வெள்ளிக்கிழமை ஒரு ரசிகர் என்கிட்டயே அடிச்சுச் சொன்னார், இடது கைலதான் பிரச்சினைன்னு. நான் ஒத்துக்கறேன், அவர் சொன்னதுதான் சரி. இன்னைக்கு ரெண்டு கோலும் அங்கதான் விழுந்திருக்கு. அந்தத் தம்பிக்கு என் பாராட்டு." என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. டி.வி.காரர்கள் என் நம்பரைக் கேட்கிறார்கள் என்று புள்ளி எழுதியிருந்தான். மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தான்.

"உன்னைத்தான் பாராட்டறாங்க. நல்லாக் கேட்டுக்கோ" என்றாள் அக்கா. இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசியது அதுதான். ரிமோட்டை எடுத்தாள்.

"நிறுத்தாதே. கொஞ்சம் இரு" என்று அத்தான் எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்றார். கேமரா மறுபடியும் மைதானத்துக்குப் போயிருந்தது. கோட்டுக்கு வெளியே பெஞ்சில் கீப்பர் தனியாக உட்கார்ந்து குனிந்திருந்தார். அழுகிறார் என்று வர்ணனையாளர் சொன்னார்.

"அழலை. ஷூவைக் கழட்டறார்" என்றார் அத்தான். "லேஸ் இரட்டை முடிச்சு. அந்தக் கையால அவருக்கு அவிழ்க்க வராது. ஆறு வாரமா நான்தான் கீழ உக்காந்து அவிழ்த்துவிடறேன்."

கீப்பர் வலது கையால் மட்டும் முடிச்சை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நிமிர்ந்து, சலவை அறைக்கு இறங்குகிற படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆட்டக்காரர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் மறுபடியும் குனிந்தார்.

"யாராச்சும் போங்கப்பா" என்றார் அத்தான் டி.வி.யைப் பார்த்து. "யாராச்சும் ஒருத்தர் போய் அவிழ்த்துவிடுங்க."

முடிச்சு அவிழ்ந்ததா இல்லையா என்று காட்டாமலே, அவர்கள் மறுபடியும் நிபுணரிடம் போய்விட்டார்கள்.