கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது

அன்று காலை அந்தக் கேன்டீன் சமையலறையில் இருந்தவர்கள்:

அண்ணி. தற்காலிகத் தலைமைச் சமையல்காரி.
சைலன்சர். பழைய எண்ணெய் அள்ளும் வண்டியின் ஓட்டுநர். வாயை மூடவே மாட்டார் என்பதால் இந்தப் பெயர்.
மேலாளர். வரக்கூடாத நேரத்தில் வந்தவர்.
நான். குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தவன்.
பம்ப். ஆள் இல்லைதான். ஆனால் அன்று எங்கள் எல்லோரையும்விட வேகமாக வேலை செய்தது அதுதான்.

1

எனக்கு நன்றி சொல்ல வராது. இந்தக் கதை அதனால்தான் வந்தது. ஒரு நாள் வீட்டில், "அண்ணி, அன்னைக்கு நீங்க..." என்று ஆரம்பித்தேன். "வெங்காயத்த உரிச்சுக்கிட்டே பேசு" என்றாள். உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதோடு நன்றியும் சொன்னால் நாடகம்போல் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆகவே எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "எண்ணெய் பறந்தது." அடித்துவிட்டேன். பறக்க வைத்தது எது என்று சொல்லாமல் அப்படி ஆரம்பிக்கக் கூடாது.

இரண்டாம் தொடக்கம்: "பயன்படுத்திய எண்ணெயும் பயன்படுத்தித் தள்ளிய மனிதனும் ஒரு வகையில்"

இதைப் பாதியிலேயே விட்டேன். இரவு வேலையை விட்டு வந்த ஒருவன், அதாவது நான், கழிவு எண்ணெய் அள்ளப் போகிறான், அவனுக்கும் எண்ணெய்க்கும் மறுவாழ்வு என்று ஓர் உவமை வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே விடப் போவதில்லை. எண்ணெய் சோப்பாகும், வண்டிக்கு எரிபொருளாகும். நான் ஆக மாட்டேன்.

2

பம்பைப் பற்றி. இது கட்டுரைபோல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் முதுகில் ஒரு தொட்டி. பக்கத்தில் பம்ப். அதில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால், பம்ப் தொட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். சமையலறை டிரம்மில் கிடக்கும் பழைய எண்ணெய் குழாய் வழியாகத் தொட்டிக்கு ஏறும். மறுபக்கம் திருப்பினால் அதே பம்ப் தொட்டிக்குள் காற்றை அடைக்கும். உள்ளே இருப்பது வெளியே பாயும். எண்ணெய்க் கிடங்கில் தொட்டியைக் காலி செய்ய அப்படித்தான் திருப்புவோம். காலி செய்த பிறகு கைப்பிடியைப் பழைய பக்கம் கொண்டுவர வேண்டும்.

(இந்தத் தொழிலில் மறக்கக் கூடாதது இது ஒன்றுதான். எல்லோரும் ஒரு முறையாவது மறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஆளில்லாத கொல்லைப்புறங்களில்.)

3

அண்ணியைப் பற்றி எழுதுவது கடினம். அவளை நல்லவளாக எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. கெட்டவளாக எழுத எனக்கு விஷயம் இல்லை.

நான் பொட்டலம் கட்டும் கிடங்கில் இரவு வேலையிலிருந்து ஒரு ஷிப்ட்டின் நடுவே எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், அண்ணனும் கேட்கவில்லை. அவன் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். படுத்தேன் என்றால் வாரக்கணக்கில். ஒரு நாள் அண்ணி என் பாயின் ஓரத்தைத் துடைப்பத்தால் தட்டினாள்.

"எழுந்திரு. எண்ணெய் வண்டில ஆள் கேக்கறாங்க. சொல்லி வெச்சிருக்கேன்."

"எனக்கு அந்த வேலை தெரியாதே அண்ணி."

"குழாயப் பிடிக்கத் தெரியும்ல? ஆனா ஒண்ணு. எங்க சமையலறைக்கும் அந்த வண்டிதான் வரும். அங்க நான் அண்ணி இல்ல. மேடம்."

காரணம் இருந்தது. எண்ணெயை எடை போட்டு வாங்குகிறார்கள், கணக்கில் கள்ளம் நுழையலாம். சமையலறையில் வேலை செய்பவரின் சொந்தக்காரர் வண்டியில் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. தெரிந்தால் அவளுக்குப் பொறுப்பு நிரந்தரமாவது நின்றுபோகும். பழைய தலைமைச் சமையல்காரர் போனதிலிருந்து அவள்தான் அந்தக் கேன்டீனைத் தூக்கிச் சுமந்தாள். நிரந்தரமாக்குவதா, வெளியாளைக் கொண்டுவருவதா என்று மேலாளர் முடிவு செய்யவேண்டிய நாள்தான் அந்த நாள்.

4

பின்வாசலில் வண்டியை நிறுத்தினோம். கழுவும் மூலையில் டிரம். குழாயின் நுனியை அதன் அடிவரை இறக்கினேன். சைலன்சர் வெளியே பம்பை ஓட்டிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் மாமியார் வீட்டு ஃபிரிட்ஜ் கதையைச் சொன்னார். முந்தைய நாள் எண்ணெய்க் கிடங்கில் காலி செய்யும்போதும் இதே கதைதான். கைப்பிடியைப் பழைய பக்கம் திருப்ப வேண்டிய நேரத்தில் கதையில் ஃபிரிட்ஜின் கதவு உடைந்திருக்க வேண்டும்; திருப்ப மறந்துவிட்டார்.

"குழாய் வால்வத் தொறக்கட்டுமா?" என்றார்.

"தொறங்கண்ணே."

தொட்டியில் அடைந்திருந்த காற்று குழாய் வழியே பாய, டிரம் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. பிறகு எழுந்தது. கறுத்த எண்ணெய், கருகிய துணுக்குகளோடு, கூரையில், சுவரில், என் வாயில், தரை முழுக்க. அதே நேரம் முன்வாசலில் மேலாளர். அதே நேரம் அண்ணி, துணியால் பிடித்த கொதிக்கும் பாத்திரத்தோடு, முதுகைக் காட்டியபடி பின்னால் காலெடுத்து வைக்கிறாள். எண்ணெயை நோக்கி.

"அண்ணி! கால வெக்காதீங்க!"

கால் அந்தரத்தில் நின்றது. பாத்திரம் சாயவில்லை. சைலன்சர் பம்பை நிறுத்தினார்.

மேலாளர் கேட்டார்: "அண்ணியா?"

5

இங்கே தப்பிக்க ஒரு வழி இருந்தது. முதல் வரைவில் அண்ணி அதைத்தான் பிடித்துக்கொண்டாள்: "இங்க எல்லாரும் என்னை அப்படித்தான் சார் கூப்பிடுவாங்க." நல்ல வசனம். மேலாளர் தலையாட்டிவிட்டுப் போவார், கதை முடிந்துவிடும்.

அவளே அதைப் படித்தாள்.

"இத நான் சொல்லவே இல்லையே."

"கதைக்காக அண்ணி."

"உன் கதைக்கு நான் ஏன் பொய் சொல்லணும்? வேணும்னா நீயே சொல்லிக்கோ."

சைலன்சரும் படித்தார். அவருடைய கோரிக்கை வேறு. "கைப்பிடிய மாத்த மறந்தது நீதான்னு எழுதேன்டா. உனக்கு என்ன, கல்யாணமா காட்சியா? என் மாமியார் படிச்சா என்ன ஆகும்?"

இரண்டையும் ஏற்கவில்லை. நடந்தது இது.

அண்ணி பாத்திரத்தை அடுப்பில் திரும்ப வைத்தாள். தீயைக் குறைத்தாள். திரும்பினாள்.

"ஆமா சார். என் வீட்டுக்காரரோட தம்பி. நான்தான் வண்டில சேத்துவிட்டேன். விதி தெரியும், தெரிஞ்சுதான் சொல்லல. பேசணும்னா பேசலாம். முதல்ல தரையத் தொடைக்கணும், சாப்பாட்டு நேரம் வந்துரும். நீங்க செருப்போட உள்ள வராதீங்க."

சைலன்சர் பின்வாசலில் தலையை நீட்டினார். "சார், எண்ணெய் விஷயத்துல தப்பு என்னோடது. நேத்து கிடங்குல எங்க மாமியார் வீட்டு ஃபிரிட்ஜ்..."

"போதும்" என்றார் மேலாளர்.

மரத்தூளைக் கொட்டினோம். கூட்டினோம். சுடுதண்ணீர், சோப்பு, மறுபடியும் மரத்தூள். மேலாளர் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாக எதையும் துடைத்ததில்லை.

பிற்பாடு ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டேன்.

"எண்ணெய்ல நின்னுக்கிட்டுப் பொய் வேற சொல்லணுமா? ஏற்கெனவே வழுக்குது." பிறகு, என் பக்கம் பார்க்காமல்: "எனக்காகக் கத்தினவன யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டு, அப்புறம் வீட்டுல உனக்கு எப்படிச் சோறு போடறது?"

(இந்த வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இதற்கு முன்னால் பம்பை விளக்கியது, நேராக இதற்கு வரக் கூச்சமாக இருந்ததால்.)

6

முடிவுகள்.

அ. பொறுப்பு அண்ணிக்கே கிடைக்கிறது.

ஆ. கிடைக்கவில்லை. வெளியாள் வருகிறார். அண்ணி அவருக்குக் கீழே காய் நறுக்குகிறாள்.

இ. மேலாளர் செருப்போடு உள்ளே வந்து வழுக்கி விழுகிறார். (சைலன்சர் விரும்பிய முடிவு.)

'இ' நடக்கவில்லை. மற்ற இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று சொல்ல மாட்டேன். 'அ' என்றால், உண்மைக்குப் பரிசு கிடைத்தது என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். 'ஆ' என்றால் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டுவீர்கள். அவள் வாயைத் திறந்தபோது இரண்டில் எது வரும் என்று அவளுக்குத் தெரியாது. என் நன்றி அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆனாலும் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

தரை காய்ந்தது. மேலாளர் சமையலறையை ஒட்டிய தன் அறையிலிருந்து, "கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். அண்ணி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கரண்டியை என் கையில் திணித்தாள்.

"விடாம கிளறு. அடிபிடிச்சா மொத்தத்தையும் நீதான் சாப்பிடணும்."

"சரி மேடம்."

"மேடமாம்!" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, அதற்குள் திரும்பிவிட்டாள். கால்மிதியில் இரண்டு காலையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. நான் விடாமல் கிளறிக்கொண்டிருந்தேன்.