நான்கு நினைவுள்ள வீடு

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு நினைவு இருக்கிறதோ அவ்வளவு அறைகள்தான் இருக்கும். எங்கள் வீட்டின் நினைவு நான்கு. கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, உள்ளறைக்கு ஒன்று, குளியலறைக்கு அரை, சாமி அலமாரி இருக்கும் நடைக்கு அரை. வீடு கட்டி முடித்த அன்றே இதைக் கூட்டிப் பார்த்து, சமையலறைக் கதவின் பின்னால் பென்சிலால் எழுதி வைத்தேன்.

பிறகு மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டினோம். அதற்கும் ஒன்று வேண்டும் என்பதை நான் சேர்க்கவில்லை. மாடிக்குப் பக்கத்தில் வானம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

என் மனைவி குழல்வாய்மொழி அப்படி நினைக்கவில்லை. "மாடியைப் பூட்டியே போடுங்க. ஆள் வச்சா வீடு தாங்காது" என்றாள். "உனக்கு என்ன தெரியும்" என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. மறுநாள், பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, உடற்பயிற்சி ஆசிரியை அமலோற்பவம் இரண்டு பெட்டிகளோடு மாடிக்குக் குடிவந்தார். காலை பதினொன்று பத்துக்கு விளக்கைப் போட்டார்.

நினைவு போதாதபோது வீடு தன் வழக்கப்படி, அதிக நேரம் யாரும் புழங்காத அறையை ஒதுக்கி வைக்கும். குழல்வாய்மொழி உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து, கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் மடிப்பவள். நானும் காலையிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. அறை காலியாக இருக்கிறது என்று வீடு எடுத்துக்கொண்டது. நான் கூடத்தில் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

இது நடந்து ஆறு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள்.

ஒதுக்கி வைத்த அறை அழிந்துபோவதில்லை. அதில் நேரம் நிற்கும், அவ்வளவுதான். டீச்சர் கிறிஸ்துமஸுக்குத் தன் ஊருக்குப் போகும் நான்கு நாளில் வீட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். மாடியில் அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் முழு அறைக்கும் இடம் கிடைக்காது. சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறக்கும். நான் கையை நீட்டுவேன். உள்ளேயிருந்து என் கையில் ஏதாவது வைக்கப்படும். இதுவரை மூன்று வேட்டி, இரண்டு துண்டு, ஒரு தலையணை உறை வந்திருக்கின்றன. எல்லாம் அந்த பிப்ரவரி வெயிலின் சூட்டோடு வந்தன. அவள் விரல் மட்டும் ஒரு தடவையும் என் கையில் படவில்லை. துணியின் அந்த ஓரத்தை அவள் பிடித்திருப்பாள், இந்த ஓரத்தை நான் பிடிப்பேன்.

டீச்சரைக் காலி செய்யச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கூச்சம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி படியின் அடியில் போய் நிற்பேன். அவர் மேலிருந்து, "என்ன சார்?" என்பார். "தண்ணி வருதான்னு பார்த்தேன்" என்பேன். எழுபத்தாறு தடவை தண்ணீர் வருகிறதா என்று கேட்டிருக்கிறேன்.

கடைசியில் வீட்டின் நினைவைக் கூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நினைவுப் பட்டைகள் பொருத்தும் பெட்டி எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில், பக்கத்து வீட்டைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சாண் சந்து. அதற்குள் தலை போகாது. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கம்பில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தேன். இரண்டு பொந்துகள் தெரிந்தன. ஒன்றில் பழைய பட்டை இருந்தது. மற்றதில் குளவி கூடு கட்டியிருந்தது. பொந்தின் நடுவே பட்டையின் வெட்டில் போய் உட்காரும் மேடு ஒன்று உண்டு. அது இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளவுகோலை நீட்டி மூன்று முறை அளந்து, தாளில் குறித்துக்கொண்டேன்.

சந்தைத் தெருவில் ஜுலைகா பீவியின் கடை. வீட்டு நினைவு தவிர வேறு எதையும் அவர் விற்பதில்லை. என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை வேணும் ஐயா?"

"ஒன்று போதும்மா. ஓர் அறைதான் குறைகிறது."

"ஒண்ணு வராது. இருக்கிறது நாலுன்னா ஜோடிக்கும் நாலு போடுறதுதான் முறை. உங்க வீடு எட்டு வரைக்கும் எண்ணுமா?"

"எண்ணும். கட்டும்போது மேஸ்திரியிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்."

"நல்லவேளை. போன மாசம் ஒருத்தர் எங்கிட்ட கேக்காம பதினாறு வாங்கிட்டுப் போனார். அவர் வீடு நாலுக்கு மேல எண்ணாது. மிச்சம் பன்னிரண்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி சும்மா உக்காந்திருக்கு." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "புதுசு வேகமா ஓடும், உங்க பழசு நடக்கும். சேர்த்துப் போட்டா ரெண்டும் நடக்கும். பரவாயில்லையா?"

"எனக்கு அவசரம் இல்லை" என்றேன். அது பொய்.

என் அளவுக்குச் சரியாக இருந்தது மூன்றாம் வகைப் பட்டை. அதை ஒரு தாளில் சுற்றிக்கொண்டே கேட்டார். "ஒதுக்கி வச்ச அறை ஏதும் இருக்கா?"

"ஒன்று இருக்கிறது."

"சாமானா, ஆளா?"

"ஆள்."

"அப்ப கவனம். பட்டை மாத்த வீட்டை முழுசா அணைக்கணும். மூணு தடவை அணைச்சு எழுப்பற வரைக்கும் ஒதுக்கினதை வீடு ஞாபகம் வச்சிருக்கும். மூணாவதிலயும் அந்த அறைக்கு இடம் கிடைக்கலன்னா அப்படியே விட்டுடும். அப்புறம் நான் மட்டுமில்ல, யாராலயும் எடுத்துத் தர முடியாது."

இரண்டு வருடத்துக்கு முன் இடி விழுந்து வீடு ஒரு முறை அணைந்து எழுந்தது. ஆகவே மிச்சம் இரண்டு.

என் கை அந்தச் சந்துக்குள் முழங்கை வரைதான் போகும். டீச்சருக்கு நீளமான கை, வலைப்பந்து ஆடியவர். அன்று நான் படியின் அடியில் நின்று, தண்ணீரைப் பற்றிக் கேட்காமல், நடந்ததைச் சொன்னேன். அவர் நான்காம் படி வரை இறங்கி வந்தார்.

"ஆறு வருஷமா சார்?"

"ஆறு வருடம், நான்கு மாதம்."

"நான் தினமும் காலைல மேல நின்னு இருநூறு தடவை கயிறு தாண்டுறேன் சார். அவங்க தலைக்கு மேல."

"அங்கே கேட்காது டீச்சர். அங்கே இன்னும் பதினொன்று பத்துதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற வீடு பார்த்திருப்பேன்ல?"

"நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று…"

"நல்லா நினைச்சீங்க போங்க" என்று அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

வீட்டை அணைக்கும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது. இருவரும் தெருவில் நின்றோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் வாசல் விசையை இறக்கினேன். வீடு இருந்த இடத்தில் கோலம் மட்டும் மிஞ்சியது, அதோடு வாசல் விசையும், மேற்குச் சுவரும் அதிலிருந்த பெட்டியும். டீச்சர் சந்துக்குள் கையை விட்டுக் குளவிக் கூட்டைச் சுரண்டி எடுத்தார். பட்டையை வைத்து அழுத்தினார்.

"உக்கார மாட்டேங்குது சார்."

"திருப்பி வைத்துப் பாருங்கள்."

"திருப்பினா ஓரத்துக் கொக்கி மாட்டல. நேரா வச்சா வெட்டு ஒரு பக்கம் இருக்கு, மேடு ஒரு பக்கம் இருக்கு. இன்னும் அழுத்தினா உடைஞ்சிடும்."

விசையை ஏற்றினேன். வீடு பழைய நான்கு நினைவோடுதான் எழுந்தது. கூடத்தில் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மிச்சம் ஒன்று.

ஜுலைகா பீவி பட்டையைத் திருப்பி வாங்கி, என் தாளை மறுபடி படித்தார்.

"எதை வச்சு அளந்தீங்க?"

"கண்ணாடியில் பார்த்து."

"கண்ணாடியில இடது வலதாத் தெரியும்ல ஐயா?"

நான் பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் நூற்கண்டு எண்ணினேன். ஒரு கண்டுகூடத் தவறியதில்லை. கடையின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டாம் வகைப் பட்டை ஒன்றை எடுத்து, வெட்டு எங்கே இருக்கிறது என்று என்னையே அளக்கச் சொன்னார். ஐந்து முறை அளந்தேன். மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று பட்டையின் முதுகில் இருந்ததை உரக்கப் படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன்.

"இது சேரும். சேராட்டி என் தப்பு" என்றார். "அவங்க பேர் என்ன?"

"குழல்வாய்மொழி."

"நல்ல பேரு. நீங்க போங்க, நான் அல்லாகிட்ட துஆ கேக்குறேன்."

மறுநாள் காலை பத்தரைக்கு இரண்டாம் முறையாகத் தெருவில் நின்றோம். விசையை இறக்குமுன் டீச்சரைப் பார்த்தேன். "நான் மாடியை விட்டுர்றேன் சார், இது எதுக்கு? என் ரெண்டு பெட்டியையும் வெளிய எடுத்துட்டா அவங்க தானா வந்துருவாங்கல்ல?" என்றார். அவர் உண்மையாகவே சொன்னார். ஆனால் இடியில் ஒன்று, முந்தின நாள் ஒன்று என்று இரண்டு முறை சேர்ந்து அணைந்து எழுந்ததில் மாடியும் வீட்டோடு ஒட்டிப்போயிருந்தது. ஆள் இல்லாவிட்டாலும் அது இனி ஒன்றை எடுத்துக்கொள்ளும். காலையில்தான் கண்டுபிடித்தேன். அதைச் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

விசையை இறக்கினேன். டீச்சர் கையை விட்டார். இரண்டு ஓரத்திலும் கொக்கி விழும் சத்தம் கேட்டது, முதலில் ஒன்று, பிறகு ஒன்று.

விசையை ஏற்றினேன். வீடு எழும்போது வாசல் விளக்கை மினுக்கித் தன் நினைவை எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அங்கே நின்றது. தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி அவரும் பார்த்தார். பிறகு ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

"ஏழுதான் சார்" என்றார் டீச்சர்.

"எட்டு" என்றேன்.

"எட்டு" என்றார் பால்காரர்.

அறைகள் ஒவ்வொன்றாக வந்தன. கூடம், சமையலறை, குளியலறை, நடை, மாடி. எல்லாவற்றுக்கும் கடைசியில் உள்ளறையின் கதவு வந்தது. அது பாதி திறந்திருந்தது.

குழல்வாய்மொழி கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாவாடையை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் பிப்ரவரி வெயில் இருந்தது. அவளுக்கு அன்று என்ன வயதோ அதேதான். நான் வாசலில் நின்றேன். ஆறு வருடமாகச் சொல்ல வேண்டும் என்று எண்ணி வைத்தவை முப்பத்தெட்டு இருந்தன. எதை முதலில் சொல்வது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் நிமிரவில்லை. அவளுக்கு இன்னும் பதினொன்று பதினொன்று. என்னோடு பேச்சு இல்லாத அதே காலை. நிமிர்ந்தால் என் தலை முழுக்க நரைத்திருப்பது தெரியும். எனக்கு அது ஒன்று போதும், ஒரு தடவை நிமிர்ந்தால்.

கோபமாக இருக்கும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்து, "சிலபேருக்கு வாசல்ல நிக்கத் தெரியுது, உள்ள வரத் தெரியல" என்றாள்.

அறைகளுக்கு ஐந்து போக வீட்டுக்கு மூன்று நினைவு மிச்சம் இருந்தது. அதை அது சுவருக்குக் கொடுத்திருந்தது. சுவர் அவள் சொன்னதை முழுதும் கேட்டுக்கொண்டது. பிறகு அங்கிருந்து கிளம்பி, கட்டிலைச் சுற்றி என்னிடம் வந்து, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னது. பதிலுக்காக நின்றது.

"மாடி விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி" என்று சொல்லி அனுப்பினேன்.

சுவர் என்பதால் மெதுவாகத்தான் நடக்கிறது. இன்று நான்காவது நாள். கட்டிலின் கால்மாடு வரை போயிருக்கிறது.