விடாத பிரேக்

தானியக் கிடங்கைத் தாண்டுவதற்குள் வெண்டெலின் காரில் பிரேக் மறுபடியும் பிடித்துக்கொண்டது. சோளக்காட்டு ஓரமாக ஒதுக்கி இறங்கியவன் முன்சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்தான். பிரேக் டிரம்மிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. பின்னாலேயே தன் காரில் வந்த அவன் மனைவி லோரெட்டாவுக்கு அந்த வாடை இந்தக் கோடை முழுக்கப் பழகிப்போயிருந்தது.

"டுவேன் செஞ்ச வேலையப் பாரு," என்றான் வெண்டெல். "மாஸ்டர் சிலிண்டரை ஒழுங்கா மாட்டத் தெரியாது. பேச்சு மட்டும் வாய் கிழியும்."

அது அறுபத்தொன்பதாம் வருடத்துப் பிளிமத். இண்டியானாவின் கால் மைல் பந்தயத் தடங்களில் வெண்டெல் வாலிபத்தில் விரட்டிய வண்டி. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதற்குத் துணையாக ஒரு பவர் பூஸ்டர். அழுத்தி மிதிக்கவே வேண்டாம், பெடல்மேல் கால் பட்டாலே போதும், வண்டி மூக்கைத் தரையில் தேய்க்கும். இந்த வசந்தத்தில் அதன் பிரேக் வேலை முழுவதையும் செய்து கொடுத்தவன் டுவேன், பந்தயக் காலத்திலிருந்து வெண்டெலின் கூட்டாளி. அதன் பிறகுதான் வண்டி மக்கர் பண்ணுகிறது என்பது வெண்டெலின் கட்சி.

கட்சி என்றால் வீட்டோடு நிற்கும் கட்சியல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய கார்க்காரர்கள் எல்லாரும் ரூட் பீர் விற்கும் குளிர்பானக் கடை வாசலில் கூடுவார்கள். அங்கே வைத்துத்தான், "இவன்கிட்ட வண்டிய விட்டா பொணமாத்தான் வீட்டுக்கு வருவீங்க," என்று டுவேனின் முகத்துக்கு நேரே சொன்னான். டுவேன் கையில் இருந்த பன்றிக்கறி சாண்ட்விச்சைத் தின்று முடித்துவிட்டுக் கிளம்பிப் போனான், அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. அவனிடம் வண்டியை விட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிக்கொண்டார்கள்.

வெண்டெல் சும்மா பழி போட்டான் என்று சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொன்னான். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, தான் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, லோரெட்டாவைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னான். சக்கரம் அசையவில்லை. பிரேக் குழாயில் காற்று எடுக்கும் நிப்பிளை அவள் ஸ்பேனரால் இளக்கினாள். பிரேக் ஆயில் பீறிட்டு அவள் சட்டைக் கையை நனைத்தது, உடனே சக்கரம் லேசாகச் சுற்றியது.

"பாத்தியா? ஸ்பிரிங்குல கோளாறில்ல, கேபிள்ல கோளாறில்ல. மேல இருந்து அழுத்தம் இறங்காம மாட்டிக்கிட்டிருக்கு. பூஸ்டர்ல இருந்து சிலிண்டரைத் தள்ளுற ராடை நீளமா வச்சுத் தொலைச்சிருக்கான்."

நியாயமான முடிவுதான். புத்தகமும் அதைத்தான் சொல்லும். ராடைத் தானே கழற்றிக் குட்டையாக்கினான். பிடித்தது. இன்னும் குட்டையாக்கினான். அப்போதும் பிடித்தது. ஒவ்வொரு முறையும் அவன் இறங்கி ஜாக்கியை எடுத்து வருவதற்குள் சக்கரங்கள் தாமாக விட்டுவிடும். சூடு ஆறினதும் விடுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். மனுஷனுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்?

சோளக்காட்டு ஓரம் நின்ற அன்று வீடு திரும்பும்போது அவன் மெதுவாக முன்னால் போனான், லோரெட்டா பின்னால். நேரான சாலை. எதிரே வண்டி இல்லை, வளைவு இல்லை, நிறுத்தச் சொல்லும் பலகை இல்லை. ஆனாலும் பிளிமத்தின் பிரேக் விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தன. சுவிட்சு கெட்டிருக்கும் என்று முதலில் நினைத்தாள். வீட்டு வாசலில் வண்டி நின்றது. வெண்டெல் கதவைத் திறந்து கால்களை வெளியே போட்ட அதே நொடியில் விளக்குகள் அணைந்தன.

அவள் அவன் கால்களையே பார்த்தாள். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியில் பந்தயக்காரர்கள் இரண்டு காலால் ஓட்டுவார்கள், இடது காலுக்கு பிரேக், வலது காலுக்கு ஆக்சிலரேட்டர். வெண்டெல் இன்றைக்கும் அப்படித்தான். போன மாதம் சமையலறையில் அவன் இடது கால் செருப்பு கழன்று மேசைக்கடியில் கிடக்க, அது தெரியாமலே ஹாலுக்கு நடந்து போனான். சர்க்கரைக்காரனின் ஞாபக மறதி என்று அவள் சிரித்திருந்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் கசந்தது.

மறுநாள் அவன் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் பிளிமத்தைத் தானே எடுத்தாள். கிடங்கு வரை போனாள், பக்கத்து ஊர் வரை போனாள், வளைத்துக்கொண்டு வந்தாள். இறங்கி நான்கு டிரம்மையும் தொட்டுப் பார்த்தாள். எதிலும் கை சுடவில்லை. உள்ளே போய் டுவேனுக்கு போன் போட்டாள்.

"டுவேன், அந்த வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

"தெரியும்," என்றான்.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"கடை வாசல்ல என்னைத் திட்டினானே, அன்னிக்கு அவனுக்குப் பின்னாலதான் நானும் வந்தேன். அவன் பிரேக் லைட்டு அணையவே இல்ல."

"தெரிஞ்சுமா வாங்கிக் கட்டிக்கிட்ட?"

"என்னைத் திட்டுற வரைக்கும் அவன் ஓட்டிக்கிட்டிருப்பான். இன்னும் ஒரு கோடை ஓட்டட்டுமேன்னு விட்டேன்."

"எதிர்ல ஸ்கூல் பஸ் வந்தா? மிதிக்க வேண்டிய நேரத்துல அந்தக் கால் எங்க இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"நெனைக்காம இல்ல, லோரெட்டா. சொல்ல தைரியம் வரல. நான் அவன் பொண்டாட்டி இல்லியே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டுவேன்மேல் கோபம், அதைவிட அதிகமாகப் பாசம். வண்டியைப் பிடுங்கிவிட்டால் வெண்டெல் டிவி முன்னால் உட்கார்ந்து உளுத்துப்போவான் என்ற பயமும் இருந்தது. பேசாமல் இருந்தால் டுவேன் போய்விடுவான், பேசினால் பிளிமத் போய்விடும். இரண்டும் இருந்தால்தான் அவள் புருஷன் முழுசாக இருப்பான்.

சாயங்காலம் வெண்டெல் வந்து கராஜைத் திறந்தான். பிளிமத் பின்பக்கம் சுவரைப் பார்க்க ரிவர்ஸில் நிறுத்தப்பட்டிருந்தது. "சீட்டுல உக்காரு, ஒண்ணு சோதிக்கணும்," என்றாள். உட்கார்ந்தான். எப்போதும்போல ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டான். கராஜ் கதவை இழுத்து மூடிவிட்டு வந்து அவள் ஜன்னலருகே நின்றாள்.

"உன் இடது கால் எங்க இருக்கு?"

"என்ன கேள்வி இது? தரையில."

"கண்ணாடியில பாரு."

வெண்டெல் கண்ணாடியைப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் சிவந்திருந்தது. "சுவிட்சு," என்றான். அவள் கீழே கைகாட்டினாள். அவன் மெல்லக் குனிந்து பார்த்தான். பெடலின் மேல் அவன் பூட்ஸ் சௌகரியமாகப் படுத்திருந்தது. இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கி, காலைத் தரையில் வைத்தான். சுவர் இருண்டது.

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் பிடரியில் வைத்தாள். அவன் கையை உதறவில்லை.

"டுவேனுக்குத் தெரியுமா?"

"முதல்லேர்ந்தே."

"நாசமாப் போறவன்," என்றான் வெண்டெல். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "யார் யார்கிட்ட அவனைப் பத்திச் சொன்னேன்?" என்றான்.

"எல்லார்கிட்டயும்."

"வெள்ளிக்கிழமை எல்லாரும் வருவாங்க இல்ல?"

வெள்ளிக்கிழமை பிளிமத்தை லோரெட்டாதான் ஓட்டினாள். வெண்டெல் ஸ்டியரிங் இருக்கும் இடப்பக்கம் ஏறப் போய், நின்று, சுற்றி வந்து வலப்பக்கம் ஏறினான். வழி முழுக்க அவள் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தான். ரூட் பீர் கடை வாசலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்துப் பெஞ்சில் டுவேன் உட்கார்ந்திருந்தான். வரச்சொன்னது லோரெட்டா.

வெண்டெல் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னான்.

"இவன் போட்ட பிரேக்குல குத்தமில்ல. சர்க்கரையில என் கால் செத்துப்போச்சு. அது பெடல் மேல கிடந்தது எனக்கே தெரியல. இவனுக்குத் தெரிஞ்சிருந்தும், நான் திட்டினதையெல்லாம் வாங்கிக்கிட்டான்."

வெண்டெல் முன்சக்கரத்தருகே தடுமாறி மண்டியிட்டு, டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"வழி முழுக்க லோரெட்டாதான் ஓட்டி வந்திருக்கா. வந்து தொட்டுப் பாருடா. சூடே இல்ல."

டுவேன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். வெண்டெலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் கைக்கு அருகே தன் கையையும் வைத்தான்.