அக்காவின் தலையிடி

கோப்பாயில் நான் அக்குபஞ்சர் அறை திறந்தபோது முதல் இரண்டு மாதமும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வந்தது என் அக்கா செல்வநாயகி மட்டும். "எனக்கும் கொஞ்ச நாளாத் தலையிடிதான், ஊசியைக் குத்து பாப்பம்" என்று கதிரையில் இருந்தாள். கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒன்று, பிடரியில் இரண்டு, பாதத்தில் இரண்டு குத்தினேன். இருபது நிமிடத்தில் எழும்பி, "கழுவித் துடைச்சமாதிரிப் போட்டுது தம்பி" என்றாள்.

அதன்பிறகு அவள் வாயை யாராலும் மூட முடியவில்லை. புத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளுக்கு முழங்கால் நோ என்று தெரிந்தால் போதும், கையோடு என் வாசலில் இறக்கிவிடுவாள். வெங்காயத் தோட்டத்தில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனவர்கள், நித்திரை வராதவர்கள் என்று அறை நிறைந்தது. அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அவள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

சும்மா சொல்லக்கூடாது, நான் கவனமான ஆள். ஊசி நோவைக் குறைக்கும்; நோ ஏன் வந்தது என்பதை அது சொல்லாது என்று படிக்கும்போதே எங்களுக்கு மண்டையில் ஏற்றியிருந்தார்கள். தலையிடி என்று யார் வந்தாலும், "முதல் டொக்டரிட்டைக் காட்டி, அவர் எழுதித்தாற துண்டோடை வாங்கோ" என்று திருப்பி அனுப்புவேன். சனம் முணுமுணுக்கும். நான் விடமாட்டேன்.

அக்காவிடம் மட்டும் துண்டு கேட்கவில்லை. புதன்கிழமைகளில் அவள் எல்லாருக்கும் முன்னால் இருந்து ஊசி குத்திக்கொண்டு, "ஓம், நல்ல சுகம்" என்று சொல்லுவாள். அப்போது நான் பார்த்தது மற்றவர்களின் முகங்களை. அவள் முகத்தை ஒருநாளாவது பார்த்தேனா என்றால், இல்லை.

எட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு காலை புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவள் வலது கை சோர்ந்து விழ, அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர், "எவ்வளவு காலமாத் தலையிடி?" என்று கேட்டார்.

"எட்டு மாசம். ஆனா ஊசியோடை குறைஞ்சிடும்" என்றேன், அக்காவைக் கூட்டிவந்த அத்தானை முந்திக்கொண்டு.

தியாகராசா அத்தான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "குறையேல்லையடா. வீட்டை வந்து ஒரு மணித்தியாலத்திலை திரும்ப வந்திடும். விடியப்புறத்திலை ஓங்காளிச்சுச் சத்தி எடுப்பாள். நாளுக்கு எட்டுப் பனடோல் போடுவாள். உனக்குச் சொல்லக்கூடாதெண்டு பிள்ளையாருக்கு முன்னாலை என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டாள். சொந்த அக்காவின்ரை தலையிடியை மாத்தாதவனிட்டை ஆர் வருவினம் எண்டு கேட்டாள்."

எனக்கு முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பிறகு அந்தக் கோபம் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே வந்து நின்றது. ஊரெல்லாம் கேட்ட துண்டை அவளிடமும் கேட்டிருந்தால் போதும். மூளைக்குள் கட்டி, ஆழ இறங்கிவிட்டது, இனி வெட்ட ஏலாது என்றார் டொக்டர். முந்தி வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையுமில்லை.

மறுநாள் மத்தியானம் வார்ட்டில் அவளுக்குப் பேச்சு குழறியது. ஊசி கொண்டுபோகவில்லை. சத்தி குறையக் கையை அமத்திவிடலாமா என்று கேட்டேன், டொக்டர் ஓம் என்றார். மணிக்கட்டுக்குக் கீழே விரல் வைத்து அமத்தினேன். அவள் நெற்றி சுருங்கியே கிடந்தது.

"குறையுதோ அக்கா? உண்மையைச் சொல்லுங்கோ."

பக்கத்துக் கட்டிலில் தன் அம்மாவுக்குக் காவலிருந்த பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பிறகு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, அவளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஓம்... என்ரை தம்பி... கை வைச்சா... போயிடும்."

அந்தப் பெண் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "தம்பி, அம்மாவுக்கும் உப்பிடித்தான் சத்தி. உங்கடை இடம் எங்கை?"

நான் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்தேன்.

"கோப்பாய்" என்றாள் அக்கா.